ஒன்றுக்கு அடுத்தது பத்து

23 ஆகஸ்ட் 2007

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் கடையில் கேசட் குவிந்துவிட்டது. ஆடி முழுக்க ஈ ஓட்டிய மனுஷனுக்கு இப்போது சோறு தின்ன நேரமில்லை. காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே உத்தரவு: "ரெண்டர் போட்டிருக்கேன் லோகு. முடியிற வரைக்கும் மவுச தொடாத. பக்கத்துல நின்னு பெருமூச்சு கூட விடாத. ஹேங் ஆயிடும்."

பொன்னி வீடியோஸ், தெற்கு வீதி, சிதம்பரம். முதலாளி, கேமராமேன், மிக்சிங், எல்லாம் என் வீட்டுக்காரர் பழனிவேல். கல்யாணப் பெண்களை "அப்டியே திரும்பி லேசா சிரிம்மா" என்று பாடாய்ப் படுத்துவதால் நான் வைத்த பெயர் டைரக்டர். பொன்னி எங்கள் மகள், எல்.கே.ஜி. படிக்கிறாள். இந்தக் கடையில் எனக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் காவல்.

ரெண்டர் என்றால் என்ன என்று மாமியார் ஒருமுறை கேட்டார். வெட்டி ஒட்டின கல்யாணத்தையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாக வேகவைக்கிறது, வெந்து முடிகிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது என்றேன். "அப்ப நீ எதுக்கு அங்க குந்திகிட்டு இருக்க?" என்றார். திறக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

பச்சைக் கோடு ஊர்கிறது. சும்மா உட்கார முடியாமல் நஜியாவுக்கு மெசேஜ் விட்டேன். நஜியா என்னோடு கடலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். அவள் ராங்க், நான் அரியர். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை அனுப்பப்போகும் விசாவுக்காக லால்பேட்டையில் காத்திருக்கிறாள். உடனே பதில் வந்தது.

"சும்மா இருக்கியா? இந்தா. ரெண்டு பெட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர். உள்ள இருக்கறத இடம் மாத்தணும். மூணாவது பெட்டி கெடையாது. புரோகிராம் எழுதுடி."

மூன்றாவது பெட்டி இல்லாமல் எப்படி? ஒரு டம்ளரில் பால், ஒரு டம்ளரில் டீ. ஒன்றைக் கீழே கொட்டாமல் மாற்ற முடியுமா என்ன?

24 ஆகஸ்ட்

முடியும். இரண்டையும் கூட்டி முதல் பெட்டியில் போடு. அதிலிருந்து இரண்டாவதைக் கழி, வந்ததை இரண்டாவதில் போடு. மறுபடியும் முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதைக் கழித்து முதல் பெட்டியிலேயே போடு. அவ்வளவுதான், மூன்றே வரி. தோசை ஊற்றும்போது தோன்றியது. தோசை கருகியது.

நஜியாவின் பதில்: "பரவால்லயே. உனக்கு எதுக்குடி அரியர் வந்துச்சி?"

அதைத்தானே நானும் கேட்கிறேன்.

6 செப்டம்பர்

இன்று வசமாக மாட்டினேன். கடையில் வெள்ளைத்தாளுக்குத்தான் பஞ்சம், கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் வழவழவென்று நன்றாக எழுத வருகிறது. டைட்டிலில் பெயர் போட டைரக்டர் ஒரு பத்திரிகையை எடுத்திருக்கிறார். திருப்பினால் முழுக்க என் புரோகிராம்.

"மாப்ள பேருக்குப் பின்னாடி இது என்னா மந்திரம் எழுதி வச்சிருக்க? பொண்ணு வூட்டுக்காரன் பாத்தா செய்வினைன்னு நெனச்சிக்குவான்."

நான் விளக்கினேன். ஒரு எண்ணைத் திருப்பிப் போட்டாலும் அதே எண் வருகிறதா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார், "வந்தா என்னா? வராட்டி என்னா?"

இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன், அதற்கே எனக்கு ஒரு டிகிரி தரலாம்.

டிகிரி என்றதும் நினைவு வருகிறது. தேறாமல் நிற்பது ஒரே ஒரு தாள், சி புரோகிராமிங் பிராக்டிகல். இந்த நவம்பரில் ஒரு வாய்ப்பு, அடுத்த ஏப்ரலில் ஒன்று. அதோடு காலக்கெடு முடிந்து கதவைச் சாத்திவிடுவார்கள். மற்ற தாளெல்லாம் பாஸ் செய்தது வீண். கீரப்பாளையம் மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் இல்லை. தாளாளர் பொன்னுரங்கம் சார் மகள் கல்யாணம் நாங்கள் எடுத்ததுதான். "டிகிரியோட வரச் சொல்லு பழனி, ஜூன்ல உக்கார வச்சிடறேன்" என்றாராம். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெந்துகொண்டிருக்கும் சட்டியைக் காவல் காக்கும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தது போதும்.

16 அக்டோபர்

ஒன்றிலிருந்து நூறு வரை அச்சிட வேண்டுமாம். லூப், அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை, போடக் கூடாதாம். நஜியாவுக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது.

17 அக்டோபர்

இன்று மாமியார் என்னிடம் வந்து, ராத்திரிக்கு என்ன குழம்பு என்றார். கவனம் கணக்கில் இருந்தது. "ஒங்க மவன கேளுங்க அத்தை" என்றேன். அங்கே போனார். டைரக்டர் காதில் ஹெட்போன். "அவள கேளும்மா." திரும்பி என்னிடம். நான் மறுபடியும் அங்கே அனுப்பினேன். மூன்றாவது தடவை நடுவில் நின்றுவிட்டார். "என்ன வச்சி பந்து ஆடறீங்களா ரெண்டு பேரும்? வத்தக்கொழம்பு. தின்னா தின்னுங்க."

அப்போதுதான் உறைத்தது. லூப் எதற்கு? புரோகிராமில் ஃபங்ஷன் என்கிற ஒரு சின்னத் துண்டு தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும், எங்கே நிற்பது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். நூறு வந்தால் நில். எங்கள் வீட்டில் மாமியார் தைலம்மாளுக்குக் கோபம் வந்தால் நில்.

டைரக்டர் டீ குடிக்கப் போன சமயம் ரெண்டரும் முடிந்திருந்தது. ஓடிப்போய் டைப் அடித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று திரை முழுக்க ஓடி நூறில் நின்றது. மெஷினைத் தொட எனக்குக் கிடைப்பது இந்த டீ நேரம் மட்டும்தான்.

14 நவம்பர்

பிராக்டிகலுக்குக் கடலூர் போய் வந்தேன். சொதப்பல்.

காகிதத்தில் புரோகிராமை அப்பழுக்கில்லாமல் எழுதிக் கொடுத்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் விரல் விறைத்துவிட்டது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கீபோர்டில் தேடுகிறேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் கோலிகுண்டு உருட்டுகிற மாதிரி படபடவென்று அடிக்கிறாள். ஒரு தப்பைத் திருத்தினால் மூன்று தப்பு காட்டுகிறது. டீ குடிக்கிற நேரத்துக்குள் எவ்வளவு பழக முடியுமோ அவ்வளவுதான் பழகியிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் மடியில் விரலால் தட்டித் தட்டி எழுத்தைத் தேடினேன். பிறகு பக்கத்து சீட்டு அம்மா நிலக்கடலை கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

20 டிசம்பர்

மார்கழி. கல்யாணம் இல்லை, ரெண்டர் இல்லை. மெஷின் சும்மா கிடக்கிறது, மவுசுக்கு இருந்த தடை உத்தரவும் நீங்கியது.

நஜியா கணக்கெல்லாம் தீர்ந்துபோய், நானே ஒன்று போட்டுக்கொண்டேன். ஒரு கல்யாணத்தை டைரக்டர் துண்டு துண்டாகத்தான் ரெண்டர் போடுவார். ஒன்று பந்தக்கால், இரண்டு நலங்கு என்று ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர்தான் பெயர். கடைசியில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிப் போட்டு ஒட்டுவார். அதைத் தானாகச் செய்ய ஒரு புரோகிராம் எழுதினேன். ஃபோல்டரில் இருக்கும் துண்டுகளின் பெயரைப் படிக்கும், வரிசைப்படுத்தும், ஒட்டும். ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

பழைய கல்யாணங்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தோம். ஏழு துண்டு, ஆறு துண்டு, எட்டு துண்டு. எல்லாம் கச்சிதம். டைரக்டர் வாயைத் திறந்தபடி பார்த்தார். "பரவால்லயே. லோகு பசைன்னு பேர் வச்சி விக்கலாம்."

கல்யாணமாகி முதல் தடவையாக, அவர் "லேசா சிரிம்மா" என்று சொல்லாமலே சிரித்தேன்.

11 ஜனவரி 2008

ஃபெயில்.

நாற்பது வேணும். முப்பத்தி நாலு.

இதுக்கு நான் பேசாம கோலமாவு விக்கப் போவலாம். எத்தனை பத்திரிகையில எழுதினேன், எத்தனை தோசை கருகுச்சு. எல்லாம் எதுக்கு? காகிதத்துல போட்டா மார்க் குடுக்க மாட்டானாம். என் தலையில என்ன எழுதியிருக்கோ அதுவும் காகிதத்துலதான் எழுதியிருக்கும் போல, மெஷின்ல ஓட மாட்டேங்குது.

டைரக்டர் கிண்டல் செய்யவில்லை. அதனால்தான் இன்னும் அழுகையாக வந்தது. கொத்து பரோட்டா வாங்கி வந்து வைத்துவிட்டு பொன்னியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

19 ஜனவரி

நஜியாவுக்கு விசா வந்துவிட்டது. லால்பேட்டை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு முழுக்க பெட்டி. அவள் அம்மா பிரியாணியைத் தட்டில் மலையாகக் குவித்து, "இவ போயிட்டா இனிமே ஒனக்கு யாரு கணக்கு போடுவா?" என்றார்.

"ஏப்ரல்ல பாஸ் பண்ணிடுவடி, இன்ஷா அல்லாஹ்" என்றாள் நஜியா. "ஆனா மெஷின்ல ஒக்காந்து பழகு. ஒங்க வூட்டு டைரக்டர்கிட்ட டைம் கேளு. வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

பெட்டியை அழுத்தி மூட நான்தான் மேலே ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பெட்டி. மூன்றாவது பெட்டி எடுத்துப்போக விடமாட்டார்களாம்.

21 ஜனவரி

கேட்டேன். "தை மாசத்துல மெஷின கேக்கறியே, நியாயமா?" என்றார். நியாயமில்லைதான். கல்யாண சீசன். எழுந்து வந்துவிட்டேன்.

29 ஜனவரி

ஒரு விஷயம் கவனித்தேன். டைரக்டர் டீ குடிக்கப் போனால் திரும்பி வர நேரமாகிறது. இன்று டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதல் டீ முடிந்து, இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் தினத்தாள். அதைத் தலைகீழாகப் பிடிக்காததுதான் பாக்கி.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, டீயைக் குறை என்று டாக்டர் சொன்ன மனுஷன்.

சத்தமில்லாமல் கடைக்குத் திரும்பினேன். மெஷினில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் முழுதாக அடித்தேன்.

4 பிப்ரவரி

நேற்று குறிஞ்சிப்பாடியில் சுப்பராயலு வீட்டுக் கல்யாணம். முந்திரி மண்டி வைத்திருக்கும் பெரிய புள்ளி. ஒரே மகள் ரேகா. மூன்று கேமரா. யானை ஒன்றுதான் இல்லை. "சிதம்பரத்துல இந்த மாதிரி ஒரு கல்யாண வீடியோ யாரும் எடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். டைரக்டருக்கு அதைக் கேட்டதிலிருந்து நடையே மாறிவிட்டது.

17 பிப்ரவரி

என்ன எழுதுவது.

நேற்று டைரக்டர் விருத்தாசலத்தில் ஷூட்டிங். சுப்பராயலு வீட்டு ஆள் கடைக்கு வந்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் சிங்கப்பூர் கிளம்புகிறாராம், அதற்குள் சொந்தக்காரர் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். துண்டெல்லாம் ரெண்டர் ஆகி இருந்தது. போன் போட்டேன். "பசையைப் போட்டு ஒட்டி, டிவிடி அடிச்சிக் குடுத்துடு லோகு" என்றார். ஒட்டினேன். ஆரம்பத்தைப் போட்டுப் பார்த்தேன், பந்தக்கால் பளிச்சென்று வந்தது. சொந்தக்காரர் வீடுகளுக்கும் சேர்த்து அடித்து, கடைக்கு ஒன்று வைத்துக்கொண்டு, மற்றதை நல்லபடியாக பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலை சுப்பராயலுவே போனில்.

"என்னாம்மா செஞ்சி வச்சிருக்கீங்க? பந்தக்கால் நட்ட கையோட எம் பொண்ணு அழுதுகிட்டு கார் ஏறிப் போவுது. மாப்ள வூட்ல பாலும் பழமும் சாப்புடுது. மறுவூட்டு விருந்துக்கு வருது. அப்புறமா வந்து நலங்கு வச்சிகிட்டு தாலி கட்டிக்குது. வூடு நெறய சொந்தக்காரன். ஒருத்தன் பாக்கியில்லாம சிரிக்கிறான்."

வைத்துவிட்டார்.

டைரக்டர் டிவிடியைப் போட்டுப் பார்த்தார். ரேகா அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கதறுகிறாள், கார் கிளம்புகிறது. கழுத்தில் தாலி தெரிகிறது, சற்று நேரத்தில் தாலி இல்லாமல் மஞ்சள் பூசிக்கொள்கிறாள். டைரக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டிவியை அணைத்துவிட்டு, "குறிஞ்சிப்பாடி பக்கம் இனிமே கேமராவோட போவ முடியாது" என்றார். அப்புறம், "பசை வேணாம் லோகு. நீ மெஷின தொடாத."

டீ நேரமும் போயிற்று.

18 பிப்ரவரி

மூன்று கல்யாணத்துக்குச் சரியாக ஒட்டியது இந்தக் கல்யாணத்தில் மட்டும் ஏன் புத்தி மாறியது? புரோகிராமைக் காகிதத்தில் எழுதி வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை. பிறகு துண்டுகளின் பெயரை எழுதிப் பார்த்தேன்.

மற்ற கல்யாணமெல்லாம் ஒன்பதுக்குள் முடிந்துவிட்டது. சுப்பராயலு கல்யாணம் பெரிய கல்யாணம். பன்னிரண்டு துண்டு.

நான் நம்பரை நம்பராக வரிசைப்படுத்தச் சொல்லவில்லை. பெயராக வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். பெயர் என்றால் முதல் எழுத்தைத்தான் பார்க்கும். 1-ல் ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னால் வரும். ஒன்றுக்கு அடுத்தது பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் இரண்டு. பத்தாவது துண்டு பெண் கிளம்புவது. தாலி ஏழாவது.

அடிப்பாவி லோகநாயகி.

21 பிப்ரவரி

குறிஞ்சிப்பாடி போனோம். டைரக்டர் தனியாகப் போகிறேன் என்றார். நான் விடவில்லை. செய்தது நான், அவர் எதற்குத் தலைகுனிய வேண்டும்?

சுப்பராயலு உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். மேசையில் இருந்த முந்திரிக்கொட்டையை எடுத்து ஒன்று, பத்து, பதினொன்று என்று அடுக்கிக் காட்டினேன்.

"அப்ப ஒங்க மெஷினுக்கு எண்ணத் தெரியாதா?"

"எண்ணத் தெரியும்ங்க. நான்தான் எண்ணச் சொல்லல. எழுத்தா படிக்கச் சொல்லிட்டேன்."

"அதாவது மெஷின் மேல தப்பில்ல."

"இல்லீங்க. என் மேலதான்."

அடுக்கிய கொட்டைகளைக் கையால் ஒதுக்கினார். "எவனா இருந்தாலும் கம்ப்யூட்டர் கோளாறுன்னுதான் சொல்லுவான்" என்றார். காபி வந்தது. தீர்ப்பும் வந்தது. புது டிவிடி அடித்து, சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் நாங்களே போய்க் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கி வர வேண்டும்.

கிளம்பும்போது ரேகா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "அக்கா, போன வருஷம் நானும் எங்க வூட்டுக்காரரும் சொல்லாம கொள்ளாம வடலூர் வரைக்கும் போயிட்டோம். அப்பாதான் கூட்டியாந்து, ஊர் வாய மூடறதுக்கு இம்மாம் பெருசா கல்யாணம் பண்ணாரு. ஒங்க டிவிடி உண்மைய சொல்லிடுச்சிக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டு மூடியதை நான் டிவியில் போட்டுக் காட்டிவிட்டேனே. பைக்கில் பாதி வழி வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. டைரக்டரிடம் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

2 மார்ச்

டிவிடி விநியோகம் முடிந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் பழையதைத் தர மறுத்துவிட்டார்கள். சுப்பராயலுவின் கொழுந்தியாள். "புதுசு எல்லார் வூட்லயும் இருக்கு. எனக்கு பழசுதான் வேணும். அதுலதான் கதை இருக்கு" என்கிறாள். டைரக்டர் கும்பிட்டுக் கேட்டும் பலிக்கவில்லை.

5 மார்ச்

பசையைக் காகிதத்திலேயே திருத்தினேன். பெயரைப் பார்க்காதே, எண்ணிப் பார். நான்கு வரி மாற்றினால் போதும். பத்திரிகையின் பின்னால் எழுதி கீபோர்டு மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தொடாதே என்றால் தொட மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

சாயங்காலம் டைரக்டர் வந்தார். "இத யாரு டைப் அடிக்கிறது? எனக்கு இந்த மந்திரம் தெரியாது." சட்டைப் பையைத் தடவினார். "நான் டீ குடிச்சிட்டு வரேன். ஒட்டி முடிச்சாலும் தாலி எங்க இருக்குன்னு நான் பாத்துட்டுத்தான் வெளிய போவும், ஆமா."

போனவர் இரண்டு டீ குடித்தார்.

26 மார்ச்

துபாயிலிருந்து நஜியா மெயில் அனுப்பியிருக்கிறாள். கல்யாண டிவிடி கதையைப் படித்துவிட்டு சிரித்துச் சிரித்துப் புரையேறியதாம், அவள் மாப்பிள்ளை பயந்துபோய்த் தலையில் தட்டினாராம். கீழே ஐந்து கணக்கு. எல்லாமே வரிசைப்படுத்துவது. குசும்புக்காரி.

10 ஏப்ரல்

கடலூர். கடைசித் தடவை.

டைரக்டர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "பதட்டப்படாத. விரல லேசா வச்சிக்க" என்றார். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்கிற அதே தொனி.

முதல் கேள்வி, எண்களை ஏறுவரிசையில் அடுக்குவது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விரல் ஓடியது. ஓட்டிக் காட்டினேன், சரி. இரண்டாவதை அடித்து முடித்து, ஓட்டப்போகும்போது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரியும் தாங்கவில்லை. ரிசல்ட் திரையில் வராமலே போய்விட்டது. கரண்ட் திரும்ப வந்தபோது எங்கள் குழுவின் நேரம் முடிந்திருந்தது. காகிதத்தில் எழுதியதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த மேடம், முகத்தில் ஒரு அசைவு இல்லை. "எண்களை எழுத்தா வச்சி வரிசைப்படுத்தினா என்ன ஆகும்?" என்றார்.

புத்தகத்தில் இருக்கும் பதில் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "தாலி கட்றதுக்கு முன்னாடி பொண்ணு மாப்ள வூட்டுக்குப் போயிடும் மேடம்."

பேனாவைக் கீழே வைத்தார். சொல்லு என்றார். சொன்னேன். முந்திரி, பந்தக்கால், பத்தாவது துண்டு, எல்லாம். மேடம் சிரித்த சிரிப்பில் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புது டிவிடி குடுத்துட்டீங்களா?"

ஆனால் சிரிப்புக்கு எத்தனை மார்க் போடுவார்கள்? ஓடாத புரோகிராமுக்கு எத்தனை? தெரியவில்லை. பொன்னுரங்கம் சார் ஜூன் வரைக்கும்தான் பொறுப்பார்.

9 ஜூன்

ரிசல்ட் இணையத்தில் வருகிறது என்று மேல வீதி பிரவுசிங் சென்டருக்குப் போனோம். டைரக்டர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வைகாசியில், கல்யாண சீசனில், கடையைப் பூட்டிவிட்டு.

நம்பரைத் தட்டினேன். பக்கம் திறக்கவில்லை. ஊரே அதைத்தான் திறக்கிறது போல. வெள்ளைத் திரை, கீழே ஒரு சின்னக் கோடு ஊர்கிறது. இந்தக் கோட்டை வருஷக்கணக்காகக் காவல் காத்தவள் நான். ஆனால் இன்று முடியவில்லை. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது. மறுபடி மறுபடி தட்டினேன்.

"தொடாத. ஹேங் ஆயிடும்" என்றார் டைரக்டர். என் கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு கணக்கு சொல்றேன். போடு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். இந்த மனுஷனா?

"மேடையில ஒரு போட்டோ. அஞ்சு பேரு வரிசையா நிக்கணும். அதுல அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. பக்கத்துல பக்கத்துல நிக்க மாட்டாங்க. எத்தன விதமா நிக்க வைக்கலாம்?"

நல்ல கணக்கு. நிஜமாகவே நல்ல கணக்கு. பையில் இருந்த பத்திரிகையைத் திருப்பிப் போட்டேன். ஐந்து பேர் எப்படி வேண்டுமானாலும் நின்றால் நூற்று இருபது. அந்த இரண்டு பேரையும் ஒட்டவைத்து எண்ணினால் நாற்பத்தெட்டு. கழித்தால் எழுபத்திரண்டு. கோடு ஊர்வதை மறந்துவிட்டேன்.

"எழுவத்தி ரெண்டு" என்றேன்.

"தப்பு. ஒண்ணு கூட இல்ல." முகத்தை மாற்றாமல் சொன்னார். "பெரியம்மா இருக்கற மேடையில அத்தை ஏறவே ஏறாது. நான் எத்தன கல்யாணம் பாத்திருக்கேன்."

பத்திரிகையால் முதுகில் ஒன்று வைத்தேன். அதே நேரம் திரை மாறியது.

ஐம்பத்திரண்டு. பாஸ்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் விரலால் திரையைத் தொட்டு என் பெயரை முதலிலிருந்து கடைசி வரை தடவிப் படித்தார். பிறகு சென்டர்காரரிடம், "கலர்ல பிரிண்ட் போடுப்பா" என்றார். கறுப்பு எழுத்துதான், எதற்குக் கலர் என்று நான் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

10 ஜூன்

மாமியார் பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன தோசைய கருக்கின?" என்றார். பாயசம் வைத்தார்.

2 செப்டம்பர் 2009

இந்தப் பக்கம் எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேரமில்லை.

கீரப்பாளையம் பள்ளியில் ஒரு மெஷினுக்கு நாலு பிள்ளைகள். ஒன்று தட்டுகிறது, மூன்று காத்திருக்கிறது. காத்திருக்கிற மூன்றும் சும்மா இருக்குமா, ஒன்றையொன்று கிள்ளும். அதனால் கரும்பலகையில் தினம் ஒரு கணக்கு. இன்று ஒன்று முதல் நூறு வரை, லூப் இல்லாமல். ஏழாம் வகுப்பு பிள்ளை ஒன்று எழுந்து, "லூப் இல்லாம எதுக்கு மிஸ் செய்யணும்?" என்று கேட்டது. அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. கடையிலிருந்து.

"ரெண்டர் போட்டிருக்கேன். கோடு நகரவே மாட்டேங்குது. சும்மா குந்திகிட்டு இருக்கேன். ஒரு கணக்கு அனுப்பேன்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு அனுப்பினேன். ரெண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், இடம் மாற்ற வேண்டும், மூன்றாவது பெட்டி கிடையாது.

சோறு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "மூணாவது பெட்டி என்னா வெல? வாங்கிடலாம்."

அதெல்லாம் கூடாது, யோசி என்று எழுதியிருக்கிறேன். ஆவணி மாசம். ரெண்டர் முடிய நேரமிருக்கிறது.